ஏரிக்குக் கீழே அமாவாசை

லக்ஷ்மிபாய் நகர், தில்லி
12 டிசம்பர் 1999

பாப்பா,

நீ அனுப்பிய புது வருடக் காலண்டர் வந்து சேர்ந்தது. அட்டையில் உங்கள் வின்டர்மியர் ஏரி, படகுத்துறை, மழையில் நனைந்த கல் வீடுகள். உன் வீடு எது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன்.

அம்மா சுகம். நீ அந்த ஊர் வெள்ளைக்கார மாப்பிள்ளையைத் தேடிக்கொண்ட நாளிலிருந்து, உன் போன் வந்தாலே அவளுக்கு அடுப்பில் அவசர வேலை வந்துவிடுகிறது. மூன்று வருடமாக அந்த அடுப்பு ஓயவில்லை.

நேற்று அவள் ஐ.என்.ஏ. மார்க்கெட் போயிருந்தபோது, சமையலறையில் தொங்கிய, நீ போன வருடம் அனுப்பிய ஏரிக் காலண்டரைக் கழற்றினேன். கட்டத்துக்குக் கட்டம் பென்சில் எழுத்து. அமாவாசை, சஷ்டி, பிரதோஷம், எல்லாம் அவள் கையெழுத்து. மளிகைக்கடையில் தந்த தமிழ்க் காலண்டரைப் பார்த்து, உன் ஏரிக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறாள்! முப்பது வருடம் அரசாங்கக் கோப்புகளைப் படித்த நான், என் வீட்டுச் சுவரைப் படிக்கவில்லை.

இன்று காலை பார்த்தால் புதுக் காலண்டர் அதே ஆணியில். மே மாதத்தில், உன் பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதியைச் சுற்றி ஒரு வட்டம். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. காலண்டரோடு வந்த உன் கடிதத்தை மேஜைமேல் மறந்து வைத்தேன், அவ்வளவுதான்.

பின்னாலிருந்து குரல்: "என்ன முழிச்சிட்டு நிக்கிறீங்க? பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுங்க, ஜல்தி! லேகியத்துக்குச் சுக்கு அந்த ஊர்ல கிடைக்குமான்னு அவளைக் கேளுங்க."

பேனாவை எடுத்தேன்.

"வேணாம், நானே கேட்டுக்கிறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். அன்று அடுப்பில் வேலை எதுவும் இருக்காது.

அப்பா