கேட்டாலும் கொடுக்காதே

அக்கா,

இன்று இரண்டாம் ஷிப்டுக்குப் போகும் ரயிலில், எதிர் இருக்கையில் இருந்த அம்மா ஆரஞ்சுப் பழம் உரித்தார். தோல் வாசனை வந்ததும் என் கை போனோடு தானாக நீங்கள் உட்காரும் பக்கம் நீண்டுவிட்டது. அங்கே யாரோ ஒரு காலேஜ் பெண் உட்கார்ந்திருந்தாள். கையை இழுத்துக்கொண்டேன்.

நமக்கு ஷேர் மார்க்கெட் ஆப்ஷன் டிரேடிங் யாரும் சொல்லித் தரவில்லை. பெங்களூரில் ஒரே பில்லிங் ஆபீஸ், ஒரே ரயில், ஒரே ஆசை. வீடியோ பார்த்துக் கற்றோம். விலை ஏறும் என்று வாங்கும் கால் எது, இறங்கும் என்று வாங்கும் புட் எது என்பதெல்லாம் சீக்கிரமே புரிந்துவிட்டது. மனசு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று ஸ்டாப் லாஸ் போடுவோம். விலை கிட்டே வந்ததும் பயம் வந்துவிடும். உடனே அதை இன்னும் கீழே தள்ளி வைப்போம். திரும்ப வரும், திரும்பத் தள்ளுவோம். அடுத்தவர் பில்லில் காலணா தப்பைக்கூட விடமாட்டோம், நம் இரண்டு பேர் லட்சணம் இது!

ஒருநாள் உரிகம் ஸ்டேஷனில் என் போனைப் பிடுங்கிக்கொண்டு உங்களுடையதை என் மடியில் போட்டீர்கள்.

"பயம் போவாதுடி. பயம் ஒருத்திகிட்ட இருக்கட்டும், போன் இன்னொருத்திகிட்ட இருக்கட்டும்."

அதிலிருந்து அதுதான் நம் சட்டம். ஸ்டாப் லாஸ் போட்டதும் போன் கைமாறும். கேட்டாலும் கொடுக்கக் கூடாது. சும்மா இருக்கும் கைக்கு நீங்கள் ஆரஞ்சு வைத்திருந்தீர்கள். சுளை சுளையாகப் பிரித்து, வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுப்பீர்கள். ஒரு பழம் பங்காரப்பேட்டை வரை வரும்.

நான் ஒருமுறை கெஞ்சினேன், ஞாபகம் இருக்கிறதா?

"குடுங்கக்கா, இந்த ஒரு தடவை."

"கேட்டா குடுக்கிறதுக்கா என்கிட்ட குடுத்த?"

நஷ்டத்தில் விற்றுப்போனது. ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் விலை திரும்பி ஏறிவிட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஏறிச்சி, பாத்தீங்களா?"

"பாத்தேன். நாளைக்கும் குடுக்க மாட்டேன்."

நீங்கள் நீட்டிய சுளையை அன்று நான் வாங்கவில்லை.

பிறகு அந்த ஆஸ்பத்திரி வராந்தா. உங்கள் ரிப்போர்ட் போனுக்கு வந்துவிடும் என்றார்கள். நீங்கள் போனை என் மடியில் வைத்துவிட்டு, பையிலிருந்து பழத்தை எடுத்தீர்கள். வந்தது. திறந்து படித்தேன். விலை சரியும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வேனோ அப்படியே வைத்துக்கொள்ளப் பார்த்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நாரை எடுத்து முடித்துவிட்டுக் கையை நீட்டினீர்கள்.

நான் கொடுக்கவில்லை. "கேட்டாலும் குடுக்காதன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது தள்ளி வச்சிடுவோமோன்னு பயந்து சொன்னதுடி. இத இன்னா, எங்க தள்ளி வைக்கிறது? குடு."

கொடுத்தேன். கடைசி வரி வரை நிதானமாகப் படித்தீர்கள். பிறகு பாதிப் பழத்தை என் கையில் வைத்தீர்கள். அதில் ஒரு நார்கூட இல்லை.

நீங்கள் போன பிறகு பயமும் போனும் என் ஒருத்தியிடமே இருக்கின்றன. போன வாரம் இரண்டு தடவை தள்ளி வைத்தேன். கணக்கில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு ஆப்ஷன்தான். இதுவும் போனால் திரும்பப் போட என்னிடம் பணம் இல்லை. தள்ளித் தள்ளியே முழுதும் போய்விடும் என்றும் தெரியும். இன்று கோரமண்டல் தாண்டியபோது விலை ஸ்டாப் லாஸுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. விரல் அதை மாற்றும் இடத்துக்கே போய்விட்டது.

எழுந்து, ஆரஞ்சு உரித்த அந்த அம்மாவிடம் போனை நீட்டினேன்.

"பங்காரப்பேட்டை வரைக்கும் இத வச்சிக்கிறீங்களா? நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, வூட்டுக்காரர் கூட சண்டையா?" என்று கேட்டுக்கொண்டே அதை வாங்கி மடிக்குள் கவிழ்த்து வைத்தார். பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, பாதிப் பழத்தைப் பிய்த்து என்னிடம் கொடுத்தார்.

பயம் போகவில்லை, அக்கா. அது என்னிடம்தான் இருந்தது. அந்த மடியைப் பார்க்காமல், ஒவ்வொரு நாராக எடுத்துக்கொண்டே வந்தேன்.