மலைக்கோட்டையைப் பிடித்த கதை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஊருக்கெல்லாம் அறிவிப்பது: பரீட்சையில் கோட்டை விடும் உங்கள் மகன், ரொறன்ரோவில் ஒரு ஜப்பானியக் கோட்டையையே பிடித்துவிட்டான்! உங்கள் முழங்கால் நோ எப்படி?

ஜப்பானிய மலைக்கோட்டை ஒன்றைப் பற்றிய கண்காட்சிக்குப் பள்ளியிலிருந்து போனோம். முகத்தையும் மூடும் இரும்புத் தலைக்கவசத்தை அணிந்து பார்க்க விட்டார்கள். மற்றவர்கள் உடனே கழற்றினார்கள். நான் கடைசிவரை கழற்றவில்லை.

"பாரமில்லையோடா?" என்றான் என் வகுப்புப் பிரசாந்.

"ராசாவுக்கு என்னடா பாரம்?"

கோட்டை விழுமுன் ஒரு தாய் மகனை மட்டும் மலையிறக்கி அனுப்பினாளாம். பிறகு சந்தித்தார்களா என்று கேட்டேன். வழிகாட்டிப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

நீங்கள் இங்கே வர விசா பதில் வந்ததா? ஊறுகாய்ப் போத்தலை உங்கள் பழைய சேலையில் சுற்றி அனுப்புங்கள். உடையக்கூடாது, அதற்குத்தான்.

மாமி சாப்பிடக் கூப்பிடுகிறா. அம்மா, கவசத்தைக் கழற்றாதது வீரத்தால் இல்லை. கழற்றியிருந்தால் நான் அழுதது பிரசாந்துக்குத் தெரிந்திருக்கும்.

மாக்கஸ்