சீரியல் பேக்கும் கட்டம் போட்ட சேலையும்

ஜூன் 3
ராஜகுரு அண்ணன் இத்தனை வருசம் திருச்சுழிக்குக் கேபிள் டிவி ஓட்டியவர். இப்போது இன்டர்நெட் விற்கிறார், லைன் பார்ப்பது நான். கேபிள்காரர் இன்டர்நெட் விற்றால் இப்படித்தான் யோசிப்பார். புதுசா ‘சீரியல் பேக்’காம். சாயந்திரம் சீரியல் மட்டும் பறக்கணும், மற்றதெல்லாம் நகர்ந்தால் போதும்.
“லைனோட வேலை கொண்டுபோய்ச் சேர்க்குறது. உள்ள என்ன இருக்குன்னு பார்க்குறது இல்லண்ணே.”
“ஏலே கார்த்தி, ஆம்புலன்ஸுக்கு வழி விடுறோம்ல?”
“சீரியல் ஆம்புலன்ஸா?”
“எங்க வீட்ல போய்க் கேளு.”

ஜூன் 4
போட்டுவிட்டேன். பி.இ. படித்த கையால்.

ஜூன் 9
சுஜிதா அக்கா ஆபீசுக்கே வந்துவிட்டார். அருப்புக்கோட்டைத் தறிச் சேலையை ஏழு மணி லைவில் விற்கிறவர்.
“மாம்பழக் கலர் பிளெயின் சேலையக் காட்டுறேன் தம்பி. பார்க்குறவுக போன்ல படம் உடைஞ்சு கட்டங் கட்டமாத் தெரியுது. கட்டம் போட்ட சேலைன்னு ஆர்டர் போட்டவுக, பார்சலப் பிரிச்சுட்டு என்னைய ஏமாத்துக்காரிங்கிறாக. இப்படியே போனா என் தொழிலே படுத்துரும்.”
சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். சீரியலுக்கு வழிவிட்டது நான்தான் என்றும் சொன்னேன்.
“அப்ப நீயே எடுத்துவிடு.”

ஜூன் 11
அண்ணனோடு சண்டை. “சனங்ககிட்டக் கேளு. வேணாம்னா எடுத்துருவோம்.” வீடு வீடாகப் போனேன். எல்லாவற்றுக்கும் ஒரே வேகம்தான் நியாயம் என்று லிங்கம்மாள் பெரியம்மாவுக்கு விளக்கினேன்.
“அப்ப எதுத்த வீட்டு முத்துலட்சுமிக்கும் எனக்கும் ஒண்ணா?”
“வீட்டைச் சொல்லல பெரியம்மா. சீரியல், சேலை, பிள்ளைக பாடம்...”
“அவளும் நானும் ஒண்ணாங்கிறேன்!”
எதிர்வீட்டிலும் இதே கேள்வி. நான் என்ன கேட்டேன், இவுக என்ன சொல்றாக? ச்சே.

ஜூன் 14
யாரையும் கேட்கவில்லை. பேக்கை எடுத்துவிட்டேன். சேலை பளிச்சென்று வந்தது. சீரியலில் வாயைத் திறந்த மாமியார் மூடவே இல்லை — சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. பெரியம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றது.
“அந்த மாமியா என்ன சொல்ல வந்தா? நீயே சொல்லு!”
எனக்கு எப்படித் தெரியும்? தெருவோடு வேற கம்பெனிக்கு மாறப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனது. பேக்கைத் திரும்பப் போடு என்றார் அண்ணன். போட்டால் வேலையை விடுறேன் என்றேன்.

ஜூன் 15
சுஜிதா அக்கா வந்தார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன்.
“தம்பி, சேலை பேக்குன்னு ஒண்ணு போடேன். நரிக்குடி ரோட்டு சுகப்பிரியாவும் நம்ம லைன்தான், அதே ஏழு மணிக்குத்தான் லைவ் வர்றா. அவ சேலை கட்டங் கட்டமாத் தெரியட்டும்.”
யாருக்காக நான் சண்டை போட்டேன்?

ஜூன் 22
தெருவே மாறிவிடும் என்ற பயத்தில் அண்ணன் பெரிய லைன் எடுத்துவிட்டார். இனி எதையும் நிறுத்தி எதற்கும் வழிவிட வேண்டாம். எல்லாம் சமம். ஆனால் விற்பது சீரியல் பேக், சேலை பேக். ஒரே லைன், ஒரே விலை.
“சமம்னு சொன்னா ஒருத்தரும் வாங்க மாட்டாக. நீ வாயத் தொறக்காத.”
கேட்டது கிடைத்துவிட்டது. வெளியே சொல்லத்தான் கூடாது.

ஜூன் 24
லிங்கம்மாள் பெரியம்மா வீட்டில் ரூட்டர் மாற்றினேன். எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டது: “முத்துலட்சுமி வீட்ட விட எனக்குத்தான வேகம்?”
உண்மை தொண்டை வரைக்கும் வந்தது.
“ஆமா பெரியம்மா.”
அப்படியே ரோட்டைத் தாண்டி, முத்துலட்சுமி அக்கா வீட்டிலும் அதையே சொல்லிவிட்டு வந்தேன்.