அழைப்புக்குக் காத்திருக்கவும்

அக். 13, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடைக் கைப்பிடி கழன்றுவிட்டது, வேறு வாங்கவேண்டும். சிதம்பரத்திலிருந்து 8.40 பஸ்ஸில் கடலூர். பு.முட்லூர் தாண்டும்வரை நின்றபடி.

மஞ்சக்குப்பம் ஆபீஸில் செல்வகுமார் சார் கதவைச் சாத்திவிட்டு டப்பாவைத் திறந்தார். பழைய ஸ்வீட் டப்பாதான். உள்ளே துணியில் சுற்றிய போன். இன்னும் கடைக்கு வராத போன். வெளியே பேர் சொல்லமாட்டேன் என்று ஆறு மாதத்துக்கு முன்பே கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஆபீஸில் நாங்கள் ஆறு பெண்களும் ‘குருவி’ என்போம். இங்கும் அப்படியே.

இத்தனை நாளும் குருவியைப் பார்த்ததில்லை. எக்செல் ஷீட்டில் ஆங்கில வரிகள் வரும், பக்கத்துக் கட்டத்தில் தமிழில் எழுதுவேன். நாலாயிரத்துச் சொச்சம் வரி. எந்த வரி எந்தத் திரையில் வரும் என்று தெரியாது. இன்று முதல்முறையாக, நான் எழுதியது அதில் ஒளிர்ந்தது. ‘வணக்கம். தொடங்கலாமா?’ துணி நுனியால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.

சார்: “வெள்ளிக்கெழம லாஞ்ச். சனிக்கெழமயிலேருந்து கடையில. டிசம்பர்ல மலேசியா, சிங்கப்பூர், இலங்க. ஜனவரியில கல்ஃப் பூரா. நம்ம கடலூர்ல உக்காந்து எழுதுன தமிழ் எங்கெங்க போவுது பாத்தியா ஷாகிரா.”

இரண்டு நாள் வைத்துக்கொண்டு திரை திரையாகப் பார்க்கவேண்டும். எழுத்து வெட்டுப்படுகிறதா, புள்ளி விட்டுப்போயிருக்கிறதா, அவ்வளவுதான். யாருக்கும் காட்டக்கூடாது.

திரும்பும்போது பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தேன். ஆலப்பாக்கத்தில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சிதம்பரம்வரை அவரைச் சந்தேகித்துக்கொண்டே வந்தேன். பாவம், அவர் தூங்கிவிட்டார்.

வாங்கவேண்டியவை: குடை, மாமாவுக்குச் சர்க்கரை மாத்திரை, கொத்தமல்லி, பல்பு.

அக். 14, செவ்வாய்

வெயில் மாதிரி ஒன்று. துணி காயவில்லை.

காலை முழுக்கக் குருவி. ‘அமைப்புகள்’ பக்கத்தில் ஒரு ‘ள்’ வெட்டுப்படுகிறது. அலாரம் சரி. கேமரா சரி.

மதியம் அவசர உதவித் திரை. பக்கவாட்டுப் பொத்தானை ஐந்து தரம் அழுத்தினால் நடுவில் பெரிய சிவப்பு வட்டம் வருகிறது. அதற்குக் கீழே ஒரு வரி. படித்தேன், எழுத்துப் பிழை இல்லை, டிக் போட்டேன். ஆம், பார்த்த பிறகும் டிக்தான் போட்டேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வயசானவர்களுக்குப் புரிகிறதா என்று ஒரு ஆசை. மாமாவிடம் கொடுத்தேன். என் வீட்டுக்காரரின் அத்தா. முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். யாருக்கும் காட்டக்கூடாது என்பது ஞாபகம் இருந்தது. இருந்தும் கொடுத்தேன்.

“மாமா, வீட்டுல யாருமில்லன்னு வெச்சுக்கங்க. ஒங்களுக்கு முடியல. இதுல ஒதவிக்குக் கூப்புடணும். என்னயக் கேக்கக்கூடாது. இது பரிச்ச போன், நெசமா யாருக்கும் போவாது.”

“சரிம்மா” என்று வாங்கிக்கொண்டார்.

நான் டீ போடப் போனேன். பால் திரிந்துவிட்டது. எதிர்க்கடைக்குப் போய்ப் பால் வாங்கி, கடைக்காரம்மாவோடு இரண்டு வார்த்தை பேசி, வந்து மறுபடி அடுப்பு. டீயோடு வந்தால், மாமா அதே நாற்காலியில். அதே மாதிரி. போனை இரண்டு கையாலும் பிடித்தபடி.

“என்ன மாமா, ஆச்சா?”

“இல்லம்மா. வட்டத்தத் தொட்டேன், லேசா ஆடுச்சு. கீழ காத்திருக்கச் சொல்லுது. காத்துக்கிட்டிருக்கேன்.”

குனிந்து பார்த்தேன். ‘அழைப்புக்குக் காத்திருக்கவும்.’ என் வரி.

அந்த வட்டத்தை மூன்று விநாடி விடாமல் அழுத்திப் பிடித்தால்தான் அழைப்பு போகும். ஆங்கிலத்தில் இருந்தது ‘ஹோல்ட் டு கால்.’ அழைக்க அழுத்திப் பிடி என்று அர்த்தம். நான் லைனில் ஹோல்டில் போடுவார்களே, அந்த ஹோல்ட் என்று நினைத்துவிட்டேன். ஷீட்டில் மேலே ‘இணைக்கிறது’, கீழே ‘இணைப்பு பிஸி’. நடுவில் இது. சந்தேகமே வரவில்லை.

இருபது நிமிஷம் இருக்கும். இருபது நிமிஷமும் யாருக்கும் எதுவும் போகவில்லை. அவர் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்.

டீயைக் கீழே வைத்தேன். சாருக்குப் போன் செய்தேன். “லாக் பண்ணியாச்சேம்மா. டப்பாவுல போட்டு லாரியில ஏத்திட்டாங்க. நாளைக்கு வா, பேசிக்கலாம்.”

அக். 15, புதன்

தூக்கமில்லை. கண் எரிச்சல். 7.50 பஸ்.

சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

“ஒரு வரிதானேம்மா. நாலாயிரத்துல ஒண்ணு. லாஞ்ச் முடியட்டும், தப்பு லிஸ்ட் அனுப்புவோம்ல, அதுல சேத்துடலாம்.”

“எப்ப சார் அனுப்புவோம்?”

“நவம்பர் கடைசியில.”

“அதுவரைக்கும் யாராவது விழுந்து கெடந்தா?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். “யாரும்மா தமிழ்ல வெச்சிருக்காங்க போன? எல்லாம் இங்கிலீஷ்லதான் வெச்சிருக்காங்க.” பிறகு அவரே, “கடைசி டிக் ஒன்னோடது ஷாகிரா. அதயும் யோசிச்சுக்க. இந்தக் கம்பெனி வேலய நம்பி ஆறு குடும்பம் இருக்கு. நான் ஒண்ணும் வேணும்னு சொல்லல” என்றார். அவர் குரலும் நடுங்கியது. அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

இங்கிலீஷில்தான் வைத்திருக்கிறார்களாம். திரும்புகிற பஸ்ஸில் எல்லோர் கையையும் பார்த்துக்கொண்டே வந்தேன். கடலூர் ஓ.டி. ஸ்டாப்பில் ஏறிய மீன்கார அம்மாள் போன் தமிழில். அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர், தமிழில். அதற்குமேல் பார்க்கவில்லை. வெளியே பார்த்தேன். உப்பனாற்றுப் பக்கம் எல்லாம் தண்ணீர்.

சாயங்காலம் ஷார்ஜாவிலிருந்து என் வீட்டுக்காரர் போன். ஏசி ரிப்பேர் வேலை. மொட்டை மாடிகளில், பெரும்பாலும் தனியாக.

“ஒரு புது போன் வருதாமே. நம்ம தமிழ்லயே எல்லாம் இருக்காம். ஜனவரியில இங்க வருது. ரூம்ல எல்லாரும் அதப்பத்தித்தான் பேச்சு. நீ எதாச்சும் கேள்விப்பட்டியா?”

“இல்ல மச்சான்.”

“மொத ஆளா நான் வாங்கப்போறேன். அவசரத்துக்கு ஒரு பட்டன் இருக்காம். வெயில்ல மேல நிக்கறோம், தல சுத்துச்சுன்னா யாரு வரப்போறா, அது ஒண்ணு நல்லதுதானே.”

சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். வேறெதுவும் வாயில் வரவில்லை.

அக். 16, வியாழன்

நல்ல மழை. பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று தெருவில் ஒரே கேள்வி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போக யாருமில்லை.

பெங்களூரில் வினிதா என்று ஒருவர், கம்பெனியில் எல்லா மொழிகளையும் பார்ப்பவர். மெயில் முகவரி ஷீட்டின் ஓரத்தில் இருக்கிறது. நாங்கள் நேரே எழுதக்கூடாது. சார் வழியாகத்தான்.

எழுதி அழித்தவை:
‘ஒரு சிறு திருத்தம்’ (சிறு இல்லை)
‘தவறுதலாக’ (எல்லாத் தவறும் தவறுதலாகத்தான்)
‘எங்கள் குழுவில்’ (குழு இல்லை, நான்)

பத்தரைக்கு மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தாநாளிலிருந்து நான் சரியாகப் பேசவில்லை, அவர்மேல் கோபமோ என்று நினைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒங்கிட்ட சொல்லல. நீ நடிக்கச் சொன்ன. கொஞ்ச நேரம் அந்தச் செவப்பப் பாத்துக்கிட்டே இருந்தேனா, நெசமாவே நெஞ்சு படபடன்னு வந்துடுச்சு. ஒன்னயக் கூப்புடலாம்னு பாத்தேன். போன்தான் இருக்கச் சொல்லுதே, யாரோ வர்றாங்கபோலன்னு இருந்துட்டேன்.”

“கூப்ட்டிருக்கலாமே மாமா.”

“நீ கேக்கக்கூடாதுன்னுட்டல்ல.”

அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி. பிறகு வந்து மூன்று வரி எழுதினேன். எந்தத் திரை, என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதியிருக்கவேண்டும். கீழே என் பெயர். 11.40-க்கு அனுப்பிவிட்டேன்.

பதில் இல்லை. ஒரு மணி, இரண்டு, மூன்று. மெயிலைத் திறப்பதும் மூடுவதும். போன் அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறேன். கேஸ்காரர் அடித்ததற்கும் ஓடினேன்.

வேலை போகும். கையெழுத்துப் போட்டதற்கு வழக்கு வருமோ. அதையெல்லாம் நினைத்தால் ஒரு பயம். யாராவது ஒரு ஆள் தரையில் கிடந்து அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தால் வேறு மாதிரிப் பயம். இரண்டாவதுதான் பெரிது.

அக். 17, வெள்ளி

லாஞ்ச். சார் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார். சுவரில் பெரிய திரை, லாஞ்ச் விழா அதில் நேரலை. மிக்சர், பாதுஷா. ஒருத்தி பட்டுப் புடவை.

கோட் போட்டவர் மேடையில் வந்தார். கேமரா, பேட்டரி, கைதட்டல். பிறகு, ஆபத்தில் உங்கள் மொழியிலேயே உதவி என்றார். பின்னால் அவசரத் திரை, பத்து மொழியில், பத்துப் போனாக. இடமிருந்து நாலாவது தமிழ். சிவப்பு வட்டம். என் வரி, ஆள் உயரத்துக்கு. அங்கே ஆயிரம் பேர் கைதட்டினார்கள். இங்கே இவர்களும் தட்டினார்கள். “அக்கா, ஒங்க வரி” என்று தோளைத் தொட்டாள் ஒருத்தி. இந்த வருஷமே மலேசியா, சிங்கப்பூர், இலங்கை என்று உலகப் படத்தில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. நான் பாதுஷாத் தட்டைக் கீழே வைத்தேன்.

அப்போது சார் போன் அடித்தது. எடுத்தார். கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். போனை என்னிடம் நீட்டினார்.

பெங்களூர்த் தமிழ். “ஷாகிராவா? வினிதா பேசறேன். ஒங்க மெயில் இப்பத்தான் பாத்தேன், ரெண்டு நாளா ஸ்டேஜ் வேலை. அந்த லைன் எழுதினது யாரு?”

“நான்தான் மேடம்.”

“செக் பண்ணினது?”

“அதுவும் நான்தான்.”

அந்தப் பக்கம் கைதட்டல் சத்தம். மேடைக்குப் பின்னால் இருந்திருப்பார்.

“டப்பாக்குள்ள போனத மாத்த முடியாது. மொதல்ல ஆன் பண்றப்ப நெட் இருந்தா ஒரு அப்டேட் இறங்கும். அதுல திருத்தத்த இன்னிக்கே சேத்துடறேன். நெட் போடாதவங்களுக்குப் பழசேதான் இருக்கும். அது ஒண்ணும் பண்றதுக்கில்ல.” பிறகு, “ஸ்க்ரீன் பாக்காம எத்தன லைன் எழுதினீங்க?”

“எல்லாமே மேடம்.”

வைத்துவிட்டார்.

சார் டெஸ்ட் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டார். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அனுப்பியிருக்கலாம்” என்றார்.

“சொன்னா விட்டிருப்பீங்களா சார்?”

அவர் யோசித்தார். “விட்டிருக்க மாட்டேன்.” என் வேலையைப் பற்றித் தீபாவளி கழித்து முடிவு சொல்வதாகச் சொன்னார்.

அக். 18, சனி

மழை விட்டிருக்கிறது. தீபாவளிக் கூட்டம். மேல வீதியில் ஆட்டோ நகரவில்லை.

போன் கடை வாசலில் பலூன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. இல்லை, தெரியும். பார்க்காமல் வீட்டில் இருக்க முடியவில்லை.

கிள்ளையிலிருந்து ஒரு அம்மாள், ஐம்பது வயசிருக்கும். கடலுக்குப் போகிற புருஷனுக்காகக் குருவி வாங்குகிறாள். கடைப்பெண் தமிழை வைத்துக் கொடுத்தாள். அப்டேட் கேட்டது. “நெட் ஸ்லோவா இருக்கும்மா, வூட்டுல போயி போட்டுக்கங்க.”

“வூட்ல ஏது நெட்டு? சிம்மு போட்டு அவுரு பேசுவாரு, அவ்ளோதான்.”

பக்கத்தில் போய், “அக்கா, அந்தப் பக்கத்து பட்டன அஞ்சு தரம் அழுத்துங்க” என்றேன். அழுத்தினாள். சிவப்பு வட்டம். காத்திருக்கவும்.

“இதுல காத்திருக்கக் கூடாதுக்கா. வட்டத்த விரலால அழுத்திப் புடிச்சுக்கிட்டே இருக்கணும். மூணு எண்ணுற வரைக்கும். அப்பதான் ஆளுக்குப் போவும்.”

அவள் வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். “வேற மாதிரில்ல எழுதியிருக்கு.”

“தப்பா எழுதியிருக்கு.”

“யாரு எழுதுனது?”

“நான்.”

கடைப்பெண் நிமிர்ந்து பார்த்தாள். கையெழுத்துப் போட்ட காகிதம் ஒரு கணம் மனசில் வந்தது. அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

“அப்ப இன்னொரு தரம் காட்டு. அவுரு எழுத்தப் பாக்கமாட்டாரு, நான் சொல்லிக் குடுத்தாத்தான்.”

காட்டினேன். ஒன்று, இரண்டு என்று அவளே எண்ணினாள். மூன்றுக்கு முன்னால் எடுக்கச் சொன்னேன், நிஜமாகப் போய்விடும். நாலு தரம் செய்தாள். நாலாவது தரம் என்னைப் பார்க்காமலே செய்தாள்.

கடைக்காரரிடமும் சொல்லிவிட்டேன். வாங்குகிற ஒவ்வொருவருக்கும் கடை வைஃபையிலேயே அப்டேட் போட்டுக் கொடுப்பதாகச் சொன்னார். செய்வார் என்று நினைக்கிறேன். கூட்டம் அதிகம்.

அக். 19, ஞாயிறு

வெடிச் சத்தம் இப்போதே. மாமா காதில் பஞ்சு.

மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “வேல போனா போவுது. வேற எந்த வரியிலயும் இப்புடி இல்லல்ல?” என்றார். தெரியாது என்றேன்.

பத்து மணிக்கு வினிதா மெயில், சாருக்கும் நகல். திருத்தம் போய்விட்டது. மலேசியாவுக்குப் போகிற பெட்டிகளில் சரியான வரிதான் இருக்கும். அதற்கு முன் தமிழ் முழுக்க, ஒவ்வொரு வரியும் அதன் திரைப் படத்தோடு மறுபடி பார்க்கப்படவேண்டும். ஷாகிராவே பார்க்கட்டும். பக்கத்தில் இன்னொருவரும் உட்காரட்டும். மூன்று வாரம்.

சாரிடமிருந்து ஒரு வரி: ‘சரிம்மா.’

உட்கார்ந்துவிட்டேன். முதல் வரியிலிருந்து. நூறுவரை ஒன்றுமில்லை. இருநூறு, ஒன்றுமில்லை. கொஞ்சம் மூச்சு வந்தது.

முந்நூற்றுப் பதினாறு. மருந்து நினைவூட்டும் திரை. ஆங்கிலத்தில் ஒரே சொல், ‘லெஃப்ட்.’ இன்னும் எத்தனை வேளை மருந்து மீதி என்று காட்டுகிற இடம். ‘இடது’ என்று எழுதியிருக்கிறேன்.