துளையிட்ட சோற்று டப்பா

மழை வந்தால் உன் சோற்று டப்பா வாடை வீசுகிறது. புளி போட்டு எத்தனை முறை தேய்த்தாலும், திறந்ததும் மக்கிய மரத்தின் ஈர நெடி. அதன் அலுமினிய மூடியில் ஆணியால் குத்திய துளைகள்.

சூளகிரிப் பக்கம், கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே மிஞ்சிய அந்தச் சின்னக் குன்றில்தான் நம் ஆய்வுக்காகக் கட்டைகளைப் புரட்டிக் கருவண்டு தேடினோம். இறக்கை ஒட்டிப்போன, பறக்காத வண்டு. நெடுஞ்சாலைக்கு அப்பால் பெருங்காட்டிலும் அதே இனம் இருந்தது. கம்பெனிக் காவலாளி கிண்டல் செய்வார்: "இங்க வேலைக்கு ஆள் எடுக்கறாங்க, நீங்க வண்டு எடுக்கறீங்களே!" நான் தலை குனிவேன். நீ விடமாட்டாய்: "உங்களுக்கும் ஒண்ணு வேணுமாண்ணா?"

ஆய்வகத்தின் இருட்டறையில் ஊதா விளக்கைப் போட்டதும் டி.என்.ஏ. கோடுகள் ஆரஞ்சு நிறத்தில் எழுந்தன. பெருங்காட்டு வண்டுகளில் ஒன்றின் கோடுகள்போல் மற்றொன்றுக்கு இல்லை. குன்றின் வண்டுகளுக்கோ எல்லாம் அச்சு எடுத்ததுபோல ஒன்றே. வெளியிலிருந்து எதுவும் வர வழியின்றித் தமக்குள்ளேயே பெருகியவை. என் மணிக்கட்டைப் பிடித்த உன் விரல்கள் சில்லென்றிருந்தன.

"இதுங்க நெறைய வண்டு இல்லடி. ஒரே வண்டுதான் திரும்பத் திரும்ப வந்து நிக்குது. ஒரு நோவு வந்தா மொத்தமும் போயிடும். பெருங்காட்டுலேர்ந்து நாலத் தூக்கிட்டு வந்து இங்க உட்டா என்ன?" என்றாய்.

"ஆய்வே பாழாயிடும்டி. ரோடு பிரிச்சிருச்சுன்னுதானே எழுதப்போறோம்?"

சிரித்தாய். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாய்.

அடுத்த மழைக்குத் தனியாகக் குன்றேறி வண்டு எடுத்துவந்தேன். இருட்டறையில் ஒரு வண்டின் வரிசையில் மட்டும் புதுக் கோடு. பெருங்காட்டு வண்டுகளிடம் மட்டுமே பார்த்த கோடு. எனக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கி நிற்பதுபோல் இருந்தது. திரும்பவில்லை.

பேராசிரியருக்கு மகிழ்ச்சி. "வண்டு ரோட்டத் தாண்டிடுச்சும்மா! எழுது." எழுதினால், அந்தச் சாலை எதையும் பிரிக்கவில்லை என்றாகிவிடும்.

அந்த வாரம்தான் உன் அம்மா டப்பாவோடு வந்தார். "ஏங் கண்ணு, சோறு கட்டற டப்பாவுல எதுக்கு இத்தன ஓட்ட?"

உள்ளே மரத்தூள். மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்தது ஒரு வண்டுக்கால். டப்பாவை நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

பேராசிரியரிடம் போய், "அது தானா தாண்டலங்க சார், தூக்கிட்டு வந்து உட்டது," என்றேன். மனிதக் கை பட்ட தரவு செல்லாது என்றார். ஆய்வேட்டிலிருந்து குன்றின் அத்தியாயம் போயிற்று, பட்டமும் தள்ளிப்போயிற்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கேட்டார்: "இன்னும் எத்தன நாளைக்கு அந்தப் பூச்சி?"

இப்போதும் மழைக்குப் பின் குன்றுக்குப் போகிறேன். மரப்பட்டையைத் தூக்கினால் வண்டுகளெல்லாம் ஒரே முகமாக அசையாமல் நிற்கின்றன. நீ கொண்டுவந்தவற்றின் வாரிசு எது என்று கண்ணுக்குத் தெரியாது. ஸ்பிரிட்டில் போட்டுக் கொன்று, கோடு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பட்டையை மூடிவிடுகிறேன்.

திரும்பும் பஸ்ஸில் உன் டப்பா என் மடியில். காலி டப்பாதான். ஆனாலும் மூச்சுத் துளைகளை விரல் அடைத்துவிடாமல்தான் பிடித்துக்கொள்கிறேன்.