வெளிப்பக்கம் திறக்கும் கதவு

அன்பு மருமகளுக்கு,

உன் அத்தை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் அங்கே பயிற்சியை ஒழுங்காகச் செய்து, வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள். போனில் நான் பேச ஆரம்பித்தாலே அழுதுவிடுகிறாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றாயாம். "அத்தை என்னைக் குளிப்பாட்டற நிலைமை எனக்கு வேணாம்" என்று உன் புருஷனிடம் சொன்னாயாம். நல்லது, எனக்கும் வேண்டாம். உன்னைக் குளிப்பாட்ட எனக்கென்ன பைத்தியமா? அதற்காகத்தான் வீட்டில் இடிக்க வேண்டியதையெல்லாம் இடித்துக் கட்டியிருக்கிறேன். பெருமையடிக்கிறேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

குழாய்க் கடைக்கு நானே போனேன். விபத்துக்கு அப்புறம் உன் விரல்கள் எதையும் இறுகப் பிடிக்க மாட்டேன் என்கின்றனவே, அதனால் கையை முஷ்டியாக மடக்கிக்கொண்டு ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்தேன். கடைக்காரர் மிரண்டுபோய், "அம்மா, கோபம்னா உட்கார்ந்து பேசிக்கலாம்" என்றார். திருகுகிற குழாய் ஒன்றுகூட அசையவில்லை. தங்க நிறத்தில் ஒன்று கண்ணைப் பறித்தது. உருண்டைப் பிடி, வழுக்கியது. அழகு இருந்து என்ன செய்ய? நீளக் கைப்பிடி வைத்தது மணிக்கட்டால் தட்டினாலே திறந்துகொண்டது. அதையே சமையலறைக்கும் குளியலறைக்கும் வாங்கினேன்.

சிங்க்குக்குக் கீழே அலமாரி அடித்தால் சாமான் வைக்கலாம் என்றார் கொத்தனார். "அங்க என் மருமக முழங்கால் வைக்கப் போறா" என்றேன். மனிதர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். உன் சக்கர நாற்காலி நேராக உள்ளே போகும். அடியில் வரும் குழாய்க்குத் தடித்த உறை போடச் சொன்னேன். உன் காலில் சூடு பட்டால் உனக்குத் தெரியாதே.

கழிப்பறை இருக்கை சரியாக உன் நாற்காலி உயரம். அளவை உன் நர்ஸிடமே கேட்டு வாங்கினேன். பக்கத்துச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளக் கம்பி. உன் புருஷனை அதில் தொங்கச் சொல்லிப் பார்த்தேன். அவன் உடம்பைத் தாங்கியது எதையும் தாங்கும்.

எல்லாம் முடிந்ததென்று தெருவையே கூட்டிக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அப்புறம், பக்கத்து வீட்டில் ஒரு சக்கர நாற்காலி இரவல் வாங்கி, நானே உட்கார்ந்து குளியலறைக்குள் போனேன். போனால், கதவைச் சாத்த முடியவில்லை! உள்பக்கம் திறக்கிற கதவு, நாற்காலியில் இடித்துக்கொண்டு நின்றது. கூடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பார்க்கும்படி அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீ ஏன் இங்கே வர மாட்டேன் என்கிறாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுதேன், உன்னிடம் ஒளிப்பானேன்.

தச்சரைக் கூப்பிட்டு, கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிட்டேன். தாழ்ப்பாள் உன் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது, முஷ்டியால் தள்ளினாலே விழும். ஆபத்துக்கு வெளியிலிருந்து திறக்க ஒரு சாவி உண்டு. அது உன் புருஷனிடம் இருக்கும். என்னிடம் தரக்கூடாது என்று நானே சொல்லிவிட்டேன்.

அந்தக் காலத்தில் நீ மணிக்கணக்கில் குளிப்பாய், நான் கதவைத் தட்டித் தட்டிக் கத்துவேன். நீ குழாயை இன்னும் வேகமாகத் திறந்து விடுவாய், கொழுப்பெடுத்தவள். இப்போது வீடு ஊமையாகக் கிடக்கிறது, கத்த ஆளில்லாமல் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

நம் வீட்டுக்கு வந்துவிடு, கண்ணு. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குளி. நான் வெளியே நின்று கத்துகிறேன்.

மகராசியாக இரு.

கதவு மூக்கில் இடிக்காதபடி தள்ளி நிற்கப்போகும்,
உன் அத்தை.