இருமலுக்கு ஓடி வந்த குஞ்சு

பிப்ரவரி 11

மகள் கைப்பேசியில் ஒரு வசதி வைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள். நான் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும், தேதியையும் போட்டுக்கொள்ளும். "பேச்சுவாக்குல சொன்னா அதுக்குப் புரியாதுப்பா, செய்தி வாசிக்கிற மாதிரி சொல்லுங்க" என்றாள். எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. என்ன எழுதுகிறதோ. இருமலை மட்டும் எழுதாதாம். நல்லதாகப் போயிற்று. பாதி நாள் நான் இருமுவதுதான்.

அடைகாத்த கோழி இன்று சலித்துப்போய் எழுந்து போய்விட்டது. ஒன்றைத் தவிர எல்லாம் கூமுட்டை. அந்த ஒன்றைக் காதில் வைத்துப் பார்த்தேன். இருமல் வந்தது. முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு பதில்.

அடுப்படியில் இருந்த குண்டு பல்பைக் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் தொங்கவிட்டு, முட்டையைத் துணியில் சுற்றி என் கட்டிலோரம் வைத்திருக்கிறேன். இனி பொழுதோடு சமைத்துவிட வேண்டியதுதான்.

பிப்ரவரி 13

பொரிந்துவிட்டது. ஒத்தை என்று பெயர்.

பிப்ரவரி 27

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒத்தை திரும்பியும் பார்க்காது. இருமினால் வரும். சிமெண்டுக் கிடங்கில் மூட்டை தூக்கிச் சம்பாதித்த இருமல் இது. கேட்டால் மனிதர்கள் தள்ளி உட்காருவார்கள், என் மருமகன் உட்பட. இதைக் கேட்டு ஓடி வருகிற ஒரே ஜீவன் ஒத்தைதான்.

மார்ச் 9

மகள் பேசினாள். சாப்பிட்டீர்களா என்றாள். சாப்பிட்டோம் என்றேன். "யாரு கூட?" என்றாள்.

ஏப்ரல் 4

இறகு முளைத்துவிட்டது, பெட்டிக்குள் அடங்கவில்லை. கோழி கோழியோடுதானே இருக்க வேண்டும். கொல்லையில் இறக்கிவிட்டேன்.

அங்கே இருக்கிற ஐந்தும் என் மனைவி வளர்த்தவை. அவள் போன பிறகு தீனி போடுவது நான். ஆனாலும் இன்றுவரை வேற்றாளைக் கண்ட மாதிரிதான் ஒதுங்கும். தட்டை வைத்துவிட்டு நான் நகர்ந்தால்தான் கிட்டே வரும். அதில் மூத்தவள் ஒரு சிவப்புக் கோழி. ஒத்தையை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்துவிட்டு நடுமண்டையில் ஒரு கொத்து.

நான் வேணும்னு இருமல, அதுவா வந்துச்சு. ஒத்தை என் காலைப் பார்த்து ஓடி வந்தது. வருகிற வழியில் மற்ற நாலும் ஆளுக்கொரு கொத்து. மண்டையெல்லாம் ரத்தம். தூக்கிட்டு உள்ள வந்துட்டேன். அது என்ன பண்ணுச்சு அதுங்கள?

ஏப்ரல் 7

மறுபடியும் அதே கதை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மதில்மேல் முழங்கையை ஊன்றி வேடிக்கை பார்த்தாள்.

"என்ன பெரியவரே, பிள்ளைய பள்ளிக்கூடத்துல விட வந்த மாதிரி நிக்கிறீங்க."

"கொத்துதும்மா."

"கொத்தத்தான் செய்யும். நீங்க நிக்கிறதால அது உங்ககிட்ட ஓடுது, ஓடுறதால அதுங்க துரத்துது. நீங்க உள்ள போங்க."

"உனக்கென்ன தெரியும், போய் துணிய வெட்டு."

"வெட்டிட்டு, அப்படியே உங்க வாயையும் சேத்துத் தைச்சுடுறேன்" என்று போய்விட்டாள்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நாள் முழுக்க நான் பேசியதே அவளிடம் மட்டும்தான்.

ஏப்ரல் 8

கிடங்கில் சேர்ந்த புதிதில் எனக்குப் பதினாறு வயது. போட்டிருந்த சட்டைக்கு இரண்டாவது பொத்தான் இல்லை என்பதுகூட நினைவிருக்கிறது. பழைய ஆட்கள் கிழிந்த மூட்டையாகப் பொறுக்கி என் முதுகில் ஏற்றுவார்கள். அப்பா மனசு கேட்காமல் தினமும் கிடங்கு வாசலுக்கு வெளியே வந்து நிற்பார். அவரைப் பார்த்ததும் நான் போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வேன். "போ போ, பால் குடிச்சிட்டு வா" என்பார்கள். அவர் காய்ச்சலில் படுத்த வாரத்தில்தான், மூட்டை எண்ணுகிறவர் தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார்.

அப்பாவுக்கு இது கடைசிவரை தெரியாது.

ஏப்ரல் 9

தீனி டப்பாவைத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மதில்மேலிருந்தே போடுகிறாளாம். காலையில் ஒத்தையை வெளியே விட்டுக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினேன். இருமல் வந்தால் தலையணையில் வாயைப் புதைத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் பின்கதவில் வந்து நின்று கத்தியது. கதவுக்கு இந்தப் பக்கம் நான். இருமல் நெஞ்சுல முட்டிக்கிட்டு நிக்குது. ஒரு இருமல் போதும், ஒத்தை விடிய விடிய அங்கயே நிக்கும். இருமல நான். கண்ணுல தண்ணி வந்துடுச்சு — அடக்குனதாலதான், வேற ஒண்ணுமில்ல.

ஏப்ரல் 10

கத்தியது.

ஏப்ரல் 12

கத்தவில்லை. இது அதைவிட மோசமாக இருக்கிறது.

வாசல் வழியாகச் சுற்றிப் போய்த் தையல்காரம்மாவிடம் "இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. கூண்டுல கம்பு மேல கடைசி ஆளா உக்காந்திருக்கு. மூத்தவ கொத்திப் பாத்தா, இது அசையல. அவளே கொஞ்சம் நகந்துக்கிட்டா."

பெட்டிக்குள் பல்பு எரிந்துகொண்டேயிருக்கிறது. சும்மாதான்.

ஏப்ரல் 26

இன்று தீனியை நானே எடுத்துக்கொண்டு போனேன். ஆறும் வெயிலில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. ஒத்தை எது என்று சட்டென்று தெரியவில்லை. மண்டைக் காயம் ஆறி இறகு மூடிவிட்டது. தட்டை வைக்கக் குனிந்தேன், இருமல் வந்துவிட்டது. அடக்கக்கூடத் தோன்றவில்லை.

ஐந்தும் மிரண்டு மதிலோரம் ஓடின. ஒத்தையும் ஓடியது, அவற்றோடு.

தட்டை வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். வந்து தின்றன.

"பாத்தீங்களா?" என்றாள் தையல்காரம்மா, மதிலுக்கு மேலே.

"பாத்தேம்மா."

பெட்டியில் இருந்த பல்பைக் கழற்றி அடுப்படியில் மாட்டினேன். போட்டதும் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஒத்தை தின்ற சின்னத் தட்டு கழுவாமல் கிடந்தது. கழுவிக் கவிழ்த்துவைத்தேன்.